மெண்டிங் போட்ட வாரியர்

என் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஆன்லைன் விளையாட்டு 2005 ஏப்ரலில் வந்தது. கில்ட் வார்ஸ். இரண்டாம் பாகம் இல்லை, முதலாவது. பள்ளி விடுமுறைக்கு வந்த அக்கா மகன் என் பழைய லேப்டாப்பில் இதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா இது, குதிக்கக்கூட முடியல லா" என்றான். உண்மைதான். இந்த விளையாட்டில் குதிக்க முடியாது. முழங்கால் உயர மண்மேடு குறுக்கே வந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிச் சொன்னவன் கையிலிருந்து இரண்டு வாரமாக லேப்டாப் என் பக்கம் திரும்பவில்லை. விளையாட்டில் தன் ஆளுக்கு ஒரே தொழிலை (போர்வீரன், வைத்தியன் மாதிரி) முழுதாக ஏற்றுவதா, இரண்டாவது தொழிலையும் சேர்ப்பதா என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த இடத்தில் நான் இருபது வருடம் நின்றவன். அதனால் இந்த விமர்சனத்தை நானே எழுதிவிடுகிறேன்.

நான் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர்மேன். 2007க்கு முன்னால் ஊர்ப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. சாலைப் பலகை என்ன சொன்னாலும் அம்மாவுக்கு இன்றும் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் 1917இல் செம்பனை நட்டது அங்கேதான். பெயர் தென்னமரம், விளைவது செம்பனை. முதல் பெயரும் இரண்டாவது தொழிலும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

2006இல் முதல் சம்பளம் வாங்கியதும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போய் இந்த விளையாட்டின் பெட்டியை வாங்கினேன். 150 வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டிய விலை. அம்மாவிடம் சொன்னது பாதி. ஊர் சைபர் கஃபேயில் மணிக்கு 2 வெள்ளி கட்டி விளையாடிய பையன்கள் எல்லோரும் டோட்டா, இல்லாவிட்டால் ரக்னராக். ரக்னராக்குக்குக் கார்டு வாங்கி வாங்கிக் கட்ட வேண்டும். கில்ட் வார்ஸுக்கு மாதக் கட்டணமே கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும். நான் அதற்குப் போனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் வந்த விளையாட்டில் ஆறு தொழில்கள்: வாரியர் (போர்வீரன்), ரேஞ்சர் (வில்லாளி), மங்க் (வைத்தியன்), நெக்ரோமேன்சர் (சாவு மந்திரவாதி), மெஸ்மர் (எதிரியின் மந்திரத்தை வெட்டுபவன்), எலிமென்டலிஸ்ட் (நெருப்பு மாதிரி மந்திரங்கள் போடுபவன்). 2006இல் இதே விளையாட்டுக்கு வந்த இரண்டு கூடுதல் பகுதிகள் ஆளுக்கு இரண்டைச் சேர்த்து மொத்தம் பத்து ஆக்கின. உங்கள் ஆளை உருவாக்கும்போது ஒரு தொழில். அது கடைசிவரை மாறாது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தொழில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். லெவல் 20க்கு மேல் கிடையாது. ஸ்கில்கள், அதாவது சண்டையில் போடும் அடிகளும் மந்திரங்களும், ஆயிரத்துக்கும் மேல் இருந்தாலும் ஊரை விட்டு வெளியே போகும்போது எட்டுதான் எடுத்துப்போக முடியும். அதிலும் எலைட் என்கிற உயர்ந்த ரகம் ஒன்றே ஒன்றுதான்.

இந்த எட்டுக்குப் பின்னால் 200 புள்ளிகள் இருக்கின்றன. லெவல் ஏறுவதால் 170, இரண்டு குவெஸ்ட் (விளையாட்டு தரும் வேலை) முடித்தால் 30. ஸ்கில்களின் பலத்தைத் தீர்மானிக்கும் வாள்வித்தை, வைத்தியம் போன்ற திறமைகளில் ஒன்றை முதல் படிக்கு ஏற்ற 1 புள்ளி, பன்னிரண்டாவது படிக்கு மட்டும் 20. பூஜ்ஜியத்திலிருந்து 12 வரை ஏற்ற மொத்தம் 97. ஆக இரண்டு திறமைகளை உச்சிக்கு ஏற்றினால் 194 போய்விடும், மீதி 6இல் மூன்றாவதை 3வது படிக்கு ஏற்றலாம். கையில் இருக்கும் காசு இவ்வளவுதான். மாதக் கடைசியில் மளிகைக்கடைக் கணக்கு பார்க்கிற எவருக்கும் இது உடனே புரிந்துவிடும்.

எனக்குப் புரியவில்லை. இருபது வயதில் எவன் கணக்குப் பார்க்கிறான்?

நான் எடுத்தது வாரியர், கூடவே மங்க். வாளும் வேண்டும், வைத்தியமும் வேண்டும், யாரையும் நம்பி இருக்கக் கூடாது. புள்ளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தேன். மங்கிடமிருந்து மெண்டிங் என்ற ஸ்கில்லை எடுத்து எப்போதும் மேலே போட்டுக்கொண்டே திரிவேன். உயிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும், பார்க்க மனதுக்கு இதமாக இருக்கும். இந்த வாரியர்-மங்க் ஜோடிக்கு விளையாட்டுக்காரர்கள் வைத்த பெயர் வாம்மோ. அது கேலிப் பெயர் என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. தெரிந்த விதமும் கேவலம்: ஒரு குழுவில் சேர்ந்தேன், என் ஸ்கில் வரிசையைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், வெளியே தள்ளிவிட்டார்கள். சைபர் கஃபேயில் பக்கத்து நாற்காலிப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான் அதைவிடக் கஷ்டம்.

என்ன தப்பு என்று இப்போது சொல்ல முடியும். ஸ்கில் போடச் செலவாகும் எனர்ஜி வாரியருக்கு மொத்தமே 20. அது திரும்ப ஊறுவது இரண்டு அம்பு வேகத்தில். அம்பு என்று நான் சொல்வது எனர்ஜிப் பட்டையில் தெரியும் சின்னக் குறியை. மூன்று அம்பு இருந்தால்தான் நொடிக்கு ஒரு எனர்ஜி. மங்குக்கு நான்கு அம்பு. மெண்டிங் மேலே இருக்கும்வரை ஓர் அம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மங்குக்கு நாலில் ஒன்று போனால் பெரிதில்லை. எனக்கு இரண்டில் ஒன்று, அதாவது பாதிச் சம்பளம். அதற்குக் கிடைத்த வைத்தியமோ அரக்கன் ஒரு தட்டு தட்டினால் காணாமல் போகிற அளவு. இத்தனைக்கும் வாரியருக்குச் சொந்தமாகவே ஹீலிங் சிக்னெட் என்று ஒன்று இருக்கிறது. எனர்ஜியே கேட்காது. அதைப் போடும் நேரத்தில் மட்டும் கவசம் 40 குறையும், அவ்வளவுதான். வீட்டில் பசு நிற்க, கடையில் பால்டின் வாங்கியிருக்கிறேன்.

பசு என்றதும் அப்பா ஞாபகம். ரப்பர் இருந்த காலத்தில் அப்பா பால் வெட்டினார். விடியுமுன்னே, குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் வேலை இருட்டில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பிற்பகல் முழுக்கச் சும்மா. அந்தச் சும்மாவில்தான் லயத்து வீட்டுக்குப் பின்னால் நான்கு மாடு வளர்த்தார். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் பாதிப்பேர் ஆடோ மாடோ வைத்திருந்தார்கள். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். அப்பா நீளக் கம்பில் கட்டிய அரிவாளோடு குலை வெட்டப் போனார். திரும்பி வரும்போது கையைத் தூக்கிச் சோறு சாப்பிட முடியாது. ஒரு வருடத்துக்குள் மாடுகளை விற்றுவிட்டோம். அப்பா அதே அப்பாதான், மாட்டின் மேல் அதே ஆசைதான். முதல் வேலை எதை மிச்சம் வைக்கிறதோ அதில்தான் இரண்டாவது வேலை நிற்கும்.

இதைத்தான் கில்ட் வார்ஸ் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய ஒரு திறமை உண்டு. அந்தத் தொழில் உங்களுக்கு முதலாவதாக இருந்தால்தான் அது கிடைக்கும். மங்க்கை இரண்டாவதாக எடுத்தவனுக்கு மங்கின் ஸ்கில்கள் எல்லாம் உண்டு, ஆனால் டிவைன் ஃபேவர் கிடையாது. மங்க் மந்திரம் போடும்போதெல்லாம் கூடுதலாக வைத்தியம் தருவது அதுதான். கவசமும் முதல் தொழிலுடையதே: வாரியருக்கு 80, ரேஞ்சருக்கு 70, மந்திரக்காரர்களுக்கு 60. கவசத்தில் ரூன் என்ற மந்திரக் குறி பதித்து, தலையணி போட்டு முதல் தொழிலின் திறமையை 16வது படிவரை தள்ளலாம். இரண்டாவது தொழில் 12இல் நின்றுவிடும். பாதிப் பாதி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. இதைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லியிருக்கலாம். சின்ன எழுத்தில் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத நேரத்தில் இரண்டாவது தொழிலைத் தேர்ந்தெடு என்று நீட்டுவதுதான் இந்த விளையாட்டின் மேல் எனக்கிருக்கும் முதல் குறை.

புரிந்த பிறகு நான் செய்தது ரேஞ்சர்-நெக்ரோ. டச் ரேஞ்சர் என்பார்கள். நெக்ரோமேன்சரின் வேம்பிரிக் டச், வேம்பிரிக் பைட் இரண்டும் எதிரியைத் தொட்டு உயிரை உறிஞ்சும், கவசத்தை மதிக்காது. ஆனால் தடவைக்கு 15 எனர்ஜி. நெக்ரோவின் கையில் இருப்பதே 30 என்பதால் இரண்டு தடவையில் வற்றிப்போவான். ரேஞ்சரின் சொந்தத் திறமை எக்ஸ்பர்டீஸ். தொடும் ஸ்கில்களுக்கு அது படிக்கு 4 சதவீதம் எனர்ஜி குறைக்கிறது. 12வது படியில் 48 சதவீதம், 15 என்பது 8 ஆகிவிடும். ரூன் போட்டு ஏற்றினால் இன்னும் இறங்கும். நெக்ரோவின் சரக்கை நெக்ரோவைவிட மலிவாக ரேஞ்சர் விற்கிறான், அதுவும் 60க்குப் பதில் 70 கவசத்தோடு. 97 புள்ளி எக்ஸ்பர்டீஸுக்கு, 97 நெக்ரோவின் பிளட் மேஜிக் திறமைக்கு. வில் என்று ஒன்று கையில் இருந்தாலும் தொட மாட்டேன். எதிராளிகள் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. வாம்மோவாக இருந்தபோது சிரித்தார்கள், இப்போது திட்டினார்கள். இதைப் பதவி உயர்வு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு அழகான ஜோடி நெக்ரோ-ரிச்சுவலிஸ்ட் (2006இல் சேர்ந்த தொழில்களில் ஒன்று). பிணங்களை எழுப்பி விடுகிற, சாபம் போடுகிற நெக்ரோவை வைத்தியனாக்குவது. கேட்டால் கோணலாகத் தெரியும். நெக்ரோவின் சொந்தத் திறமை சோல் ரீப்பிங். பக்கத்தில் எது செத்தாலும் அவனுக்கு எனர்ஜி வரும். சண்டை நடக்கிற இடத்தில் சாவுக்குப் பஞ்சமா? வரும் எனர்ஜியைச் செலவழிக்க அவனிடம் வழி இருக்க வேண்டும், ரிச்சுவலிஸ்டின் வைத்திய ஸ்கில்கள் அந்த வழி. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் ஆலை. எங்கள் பாய்லருக்கு வெளியிலிருந்து விறகு வருவதில்லை. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டையோடும்தான் எரிபொருள். அந்த நீராவியில்தான் ஆலையே ஓடுகிறது. குலை வரத்து அதிகமான மாதங்களில் எரிபொருளுக்குக் கவலையே இல்லை. சோல் ரீப்பிங் பற்றி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதைப் படித்துவிட்டு இரண்டு தொழில்தான் உசத்தி என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரே தொழிலை வைத்துச் செய்த வித்தைகளில் என்னை வாய்பிளக்க வைத்தது 55 மங்க். லெவல் 20இல் உயிர் 480. கவசத்தின் ஐந்து துண்டிலும் சுப்பீரியர் ரூன் பதித்தால் துண்டுக்கு 75 குறையும். 375 போச்சு. உயிரை 50 குறைக்கும் ஒரு கைப்பொருளையும் பிடித்துக்கொண்டால் மிச்சம் 55. பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கிறதா? இப்போது புரொடெக்டிவ் ஸ்பிரிட் என்ற மங்க் மந்திரத்தைப் போடுங்கள். எந்த அடியும் மொத்த உயிரில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது அதன் சட்டம். 55இல் பத்து சதவீதம் என்றால் 5. மலைபோல் நிற்கும் ட்ரோல் அரக்கன் ஓங்கி அடித்தாலும் 5தான். தானாக ஊறும் உயிர் நொடிக்கு 20 வரை போகும். ஆக நாலைந்து ட்ரோல்கள் சுற்றி நின்று அடிக்க, நடுவில் எலும்பும் தோலுமாக ஒருவன் சாகாமல் நிற்பான். அவனைச் சாகாமல் வைத்திருக்கும் வேலை முழுக்க மங்குடையது. அதில் ஒரு ஸ்கில், அட, என் பழைய மெண்டிங்! அதே ஸ்கில் எவன் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

வாரியரும் அப்படித்தான். அவனுடைய நல்ல அடிகள் அட்ரினலினில் ஓடுகின்றன, அடிக்க அடிக்க அது ஏறும். எனர்ஜி தேவையே இல்லை. எட்டில் ஏழு இடத்தைச் சொந்த ஸ்கில்லாலேயே நிரப்பி விளையாடுகிற வாரியரை எந்தக் குழுவும் வெளியே தள்ளாது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று அப்பா சொல்வார். அந்தப் பழமொழி வாரியருக்குப் பொருந்தும், நெக்ரோவுக்குப் பொருந்தாது. (அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நெக்ரோ யாருடா, புது மண்டோரா?" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்குகிற மேஸ்திரி.)

மற்ற விளையாட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். ரக்னராக்கில் ஒரே கோடு, வாள்காரன் வளர்ந்து நைட் ஆவான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டிலும் ஒரே தொழில்தான், அதற்குள்தான் கிளை. ஃபைனல் ஃபேண்டஸி 11இல் துணைத்தொழில் உண்டு, ஆனால் அடிப்படையில் முதல் தொழிலின் லெவலில் பாதியளவுதான் அது வேலை செய்யும். ரூன்ஸ் ஆஃப் மேஜிக்கில் லெவல் 10இல் இரண்டாவது தொழில் கிடைக்கும், எந்த ஜோடி என்பதைப் பொறுத்துத் தனி எலைட் ஸ்கில்களும் உண்டு. அதையும் கொஞ்ச நாள் பார்த்தேன். இரண்டு தொழிலையும் தனித்தனியாக லெவல் ஏற்ற வேண்டும் என்றதும் எழுந்து வந்துவிட்டேன். ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு அது கட்டுப்படியாகாது.

கில்ட் வார்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான்: தப்புச் செய்தால் தண்டனை இல்லை. ஊருக்குள் வந்தால் 200 புள்ளியையும் பிடுங்கி வேறு மாதிரி நடலாம், காசு கேட்காது. மாலையில் ஒரு பில்ட் (ஸ்கில்லும் புள்ளியும் சேர்ந்த அமைப்பு), இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொன்று. ஸ்கில் வாங்கத்தான் செலவு. வாங்க வாங்க விலை ஏறி ஒன்று 1000 தங்கத்தில் போய் நிற்கும். இரண்டு மூன்று துணைத்தொழில்களைச் சோதிக்கிறவனுக்குப் பை காலியாகிவிடும்.

மற்ற குறைகளையும் சொல்ல வேண்டும். ஆட்கள் குறைந்துவிட்டார்கள். நான் சேர்ந்த காலத்துக் குழுச் சண்டைக் களங்களில் இப்போது காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் 2011இலிருந்து கணினியே இயக்கும் ஏழு ஹீரோக்களைக் கூட்டிக்கொண்டு தனியாகவே எட்டுப் பேர் குழு அமைக்கலாம். அவர்களுடைய துணைத்தொழிலையும் ஸ்கில்களையும் நாமே வைக்கிறோம். இரவு ஷிஃப்ட் முடித்து, வீடு தூங்கும் நேரத்தில் விளையாடுகிற என்னைப் போன்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாம்மோ என்று எவனும் கேட்க மாட்டான். நெட் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மழை இடித்தால் இணைப்பு விழும். மெஸ்மரை முதல் தொழிலாக எடுத்து எதிரியின் மந்திரத்தை ஒரு நொடிக்குள் வெட்டி நிறுத்துவது என் வீட்டிலிருந்து நடக்கிற காரியமில்லை. நான் பட்டனை அழுத்தும்போது அவன் மந்திரத்தை முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். பழைய லேப்டாப் என்றால் பயப்பட வேண்டாம், ஓடும். போகிற இடத்தை மட்டும் அவ்வப்போது இறக்கிக்கொள்வதால் தொடங்கும்போது பெரிய டவுன்லோடும் இல்லை.

அக்கா மகன் முதல் நாளே எலிமென்டலிஸ்ட்-வாரியர் எடுத்தான். நெருப்பு ஒரு கையில், வாள் ஒரு கையில். அந்த வயதில் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். 60 கவசத்தோடு முன்வரிசையில் போய் நின்று நாள் முழுக்கச் செத்தான். எலிமென்டலிஸ்டின் சொந்தத் திறமை எனர்ஜி ஸ்டோரேஜ், படிக்கு 3 எனர்ஜி கூடும். வாளின் அட்ரினலின் அடிகளுக்கு எனர்ஜி எதற்கு? நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது நாள் அந்த ஆளை விட்டுவிட்டு வாரியர்-நெக்ரோ தொடங்கியிருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை அவன் ஸ்கில் வரிசையை எட்டிப் பார்த்தேன். ஏழு கோடரிக்காரன் சாமான்கள். எட்டாவது பிளேக் டச். கண் கட்டிப்போகிற நிலை வந்தால் வாரியரின் பத்து அடியில் ஒன்பது தவறும். அந்தக் குருட்டை எடுத்து எதிரி மேலேயே ஒட்டிவிடுகிற ஸ்கில் அது. யாரும் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். "இல்ல மாமா, குருடாகிக் குருடாகிக் கடுப்பாயிருச்சு, தேடுனேன்" என்றான்.

நேற்று நான் பாய்லர் பக்கத்தில் நிற்கும்போது கூப்பிட்டான். சத்தத்தில் பாதி கேட்கவில்லை. என் பழைய மங்க் சேர்த்து வைத்த தங்கம் கணக்கின் பொதுப்பெட்டியில் கிடக்கிறதாம், ஒரு ஸ்கில் வாங்க எடுத்துக்கொள்ளலாமா என்றான். எடுத்துக்கோ, ஆனால் ஒன்றுக்கு மட்டும் என்றேன். அவன் ஒரு நொடி பேசவில்லை. மூன்று வாங்கிவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான்.